ஒரே இரவில் இரண்டு 11.40: 1911ஆம் ஆண்டு அட்லாண்டிக் கப்பலில் நடக்கும் துப்பறியும் கதைக்கு உதவி தேவை

பனைநிழல் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கத்தியும் இரத்தமும் கண்முன் வராமல், தேநீர் மேசைப் பேச்சிலும் மனிதர்களின் சின்னச் சின்னப் பொய்களிலுமே புதிர் அவிழ்கின்ற 'கோஸி' வகைத் துப்பறியும் குறுநாவல் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். களம் ஒயிட் ஸ்டார் நிறுவனத்தின் ஒலிம்பிக் என்னும் பயணிகள் கப்பல். காலம் 1911 ஆகஸ்ட் இறுதி. சவுத்தாம்ப்டனில் புதன்கிழமை புறப்பட்டு, செர்பூர், குயின்ஸ்டவுன் துறைகளைத் தொட்டு நியூயார்க் செல்லும் பயணம். டைட்டானிக்கை விட்டுவிட்டு அதன் மூத்த சகோதரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது. டைட்டானிக்கில் யார் எதைத் திருடினாலும் வாசகர் பனிப்பாறை எப்போது வரும் என்றே காத்திருப்பார்.

காலத்தைத் தேர்ந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. அந்த ஆகஸ்ட் 21ஆம் நாள் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்திலிருந்து மோனலிசா ஓவியம் திருடுபோனது. அது அங்கே இல்லை என்பதையே மறுநாள்தான் கண்டார்கள். அந்தச் செய்தியின் சூடு ஆறுவதற்குள் பாரிஸிலிருந்து ரயிலில் செர்பூர் வந்து கப்பலேறும் பயணிகளிடையே, நீண்ட தகரக் குழாய் ஒன்றைக் கையைவிட்டு இறக்காத இளைஞன் ஒருவன் இருந்தால், முதல் வகுப்பு முழுவதற்கும் வேறு பேச்சு இருக்குமா? எல்லாக் கண்களும் அந்தக் குழாயின் மேல் இருக்கும் வேளையில், அமெரிக்கக் கைம்பெண் ஒருவரின் முத்துமாலை காணாமற்போகிறது.

இனிப் புதிருக்கு வருகிறேன். சனிக்கிழமை இரவு, அந்தப் பெண்மணியின் கேபினை ஒட்டிய நடைக்கூடத்தில் சரியாக 11.40க்கு ஒரு கனவானைக் கண்டதாக இரவுப் பணியில் இருந்த ஸ்டூவர்டு (பயணிகளுக்கான பணியாளர்) சொல்கிறார். கனவானோ அதே 11.40க்கு மேல்தளத்தில் கம்பியில்லாத் தந்தி அனுப்பும் மார்க்கோனி அறையில் நின்று தந்தி கொடுத்துக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார். தந்தி இயக்குநரும் தம் அறைக் கடிகாரத்தைப் பார்த்ததாக ஒப்புக்கொள்கிறார். இருவரில் ஒருவர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று எல்லாரும் முடிவு கட்ட, வழக்கம்போல் ஏழையின் மேல் பழி விழுகிறது. மேற்கு நோக்கிச் செல்லும் கப்பலில் நள்ளிரவில் கடிகாரத்தைச் சுமார் முக்கால் மணி நேரம் பின்னுக்குத் திருப்புவார்கள் என்பதால், 11.15 முதல் 12 மணி வரையிலான நேரம் அன்றிரவு இரண்டு முறை வந்து போயிற்று என்பதையும், இருவர் சொல்வதும் உண்மையே, ஆனால் இருவரும் கண்டது வெவ்வேறு 11.40 என்பதையும் என் நாயகியான ஸ்டூவர்டஸ் (பெண் பணியாளர்) கண்டுபிடிக்கிறாள்.

இந்தக் கணக்கு நிற்குமா, கடலறிந்தவர்கள் படித்தால் சிரிப்பார்களா என்பதே என் கேள்வி. மார்க்கோனி அறையின் நடைமுறை பற்றியும், ஒரு வகுப்பினர் மற்றொரு வகுப்பிற்குள் நுழைய இயலுமா என்பது பற்றியும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய மாலுமி (மறுமொழி):

பனைநிழல் அவர்களுக்கு வணக்கம். சரக்குக் கப்பல்களில் முப்பது ஆண்டு கழித்தவன் நான். பயணிகள் கப்பலில் வேலை பார்த்ததில்லை. ஆனாலும் மேற்கே போகும்போது கடிகாரம் பின்னுக்குப் போவதும், அதனால் யாருடைய காவல் (பணிமுறை) நேரம் நீள்கிறது என்று மேசையைச் சுற்றி வாக்குவாதம் எழுவதும் எனக்கு நன்கு பழக்கமானவை. உங்கள் அடிப்படைக் கணக்கு சரியானதே. ஒரு பாகை தீர்க்கரேகைக்கு நான்கு நிமிடம் என்பது பள்ளிப்பாடம். ஏறத்தாழ 21 நாட் (மணிக்கு 21 கடல் மைல்) வேகத்தில் ஓடிய ஒலிம்பிக் வட அட்லாண்டிக்கின் நடுவில் ஒரு நாளில் ஐந்நூறு கடல் மைலுக்கு மேல் கடக்கும். அந்த அகலாங்கில் அது பதினொன்று, பன்னிரண்டு பாகையாகிறது, ஆகவே முக்கால் மணி நேரம். மறுநாள் நண்பகலில் சூரியன் உச்சிக்கு வரும்போது கப்பல் கடிகாரமும் பன்னிரண்டு காட்ட வேண்டும் என்பதற்காகத்தான் முந்தைய இரவிலேயே இந்த ஏற்பாடு. மறுஆண்டு டைட்டானிக்கில், அது பனிப்பாறையில் மோதிய ஞாயிறு இரவு, 47 நிமிடம் பின்னுக்குத் திருப்புவதாக இருந்தது என்பது விசாரணையில் பதிவான செய்தி.

ஒலிம்பிக் வகைக் கப்பல்களில் பொதுவிடங்களில் இருந்த 48 கடிகாரங்கள் மின்கம்பியால் இணைக்கப்பட்டு, வரைபட அறையில் இருந்த இரண்டு முதன்மைக் கடிகாரங்களின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவை. எனவே ஒரு கூடத்துக் கடிகாரத்தை மட்டும் யாரோ கையால் திருப்பிவிட்டார்கள் என்ற பழைய தந்திரத்துக்கு இங்கே இடமில்லை. நீங்கள் அந்த வழியில் போகாதது நல்லது.

ஆனால் உங்கள் கதையில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. கடிகாரம் திரும்பும் செய்தியை மறக்கவே முடியாத ஒருவரைத்தான் நீங்கள் சாட்சியாக நிறுத்தியிருக்கிறீர்கள். அந்தக் கூடுதல் நேரம் பயணிக்குக் கூடுதல் உறக்கம். பணியாளுக்குக் கூடுதல் வேலை. அதனால்தான் அதை ஒரே குழுவின் தலையில் கட்டாமல் இரண்டு காவல் குழுக்களுக்கும் ஏறக்குறையப் பாதிப்பாதியாகப் பகிர்ந்தார்கள். டைட்டானிக்கின் காவல் மேடையில் நின்ற ஃபிரெடரிக் ஃபிளீட், வழக்கமான இரண்டு மணி நேரக் காவல் அன்றிரவு இரண்டு மணி இருபது நிமிடம் என்று விசாரணையில் சொன்னார். இரவுப் பணி ஸ்டூவர்டு '11.40க்குப் பார்த்தேன்' என்று சொன்னவுடன், 'முன் நேரமா, பின் நேரமா' என்று அவருடைய மேலாளரே திருப்பிக் கேட்டிருப்பார். புதிர் இரண்டாம் அத்தியாயத்திலேயே முடிந்துவிடும்.

ஆகவே சாட்சியை மாற்றுங்கள். கடிகாரம் திரும்புவதை அறியாத, அல்லது அறிந்தும் பொருட்படுத்தாத பயணி ஒருவர் வேண்டும். அந்த நேரத்தில் பயணிகள் வெளியே இருப்பதும் அரிதுதான்; உணவுக்கூடம் 11 மணிக்கும், ஓய்வுக்கூடம் 11.30க்கும், ஆண்களின் புகைபிடிக்கும் அறை நள்ளிரவிலும் விளக்கணைக்கப்படும் என்பது அந்நிறுவனத்தின் விதி. இரண்டாவது 11.40இல் விழித்திருப்பவர் ஏன் விழித்திருந்தார் என்பதற்கு நீங்கள் தனியாக விடை சொல்லியாக வேண்டும்.

புகைபிடிக்கும் அறை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. நண்பகல் முதல் நண்பகல் வரை கப்பல் எத்தனை மைல் ஓடியது என்பதன் மேல் பந்தயம் கட்டுவது அந்த அறையின் அன்றாடப் பொழுதுபோக்கு. மேற்கே போகும்போது ஒரு 'நாள்' என்பது இருபத்துநான்கே முக்கால் மணி. கிழக்கே திரும்பும்போது இருபத்துமூன்றே கால் மணி. 21 நாட் வேகத்தில் அந்த முக்கால் மணி மட்டுமே பதினைந்து, பதினாறு மைல். இதை மறந்து பந்தயம் கட்டித் தோற்பவர் ஒருவரை வெள்ளிக்கிழமை நண்பகலில் காட்டிவிட்டால், சனிக்கிழமை இரவின் விடையை வாசகர் கையிலேயே கொடுத்ததாகிவிடும். ஆனால் அது விடை என்று அவருக்குத் தெரியாது.

தந்திமரம் (மறுமொழி):

மாலுமி ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன். தந்தித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் மார்க்கோனி அறையைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலாவதாக, முதல் வகுப்புக் கனவான் ஒருவர் நள்ளிரவில் படகுத்தளம் ஏறிப்போய் மார்க்கோனி அறைக் கதவைத் தட்டித் தந்தி கொடுப்பது வழக்கமான முறை அன்று. பயணிகளின் பண விவகாரங்களைப் பார்க்கும் அதிகாரியான பர்சரின் தகவல் அலுவலகத்தில் படிவத்தை எழுதிக் காசைக் கட்டினால், அங்கிருந்து காற்றழுத்தக் குழாய் வழியாகப் படிவம் மேலே பறந்துபோய்விடும். டைட்டானிக்கில் பத்துச் சொற்களுக்குப் பன்னிரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ் வாங்கினார்கள். ஆகவே தந்தி இயக்குநர் பார்த்திருக்கக்கூடியது படிவத்தையே ஒழிய ஆளை அன்று. இது உங்கள் கதைக்கு இழப்பு என்று நினைக்க வேண்டாம். என் பார்வையில் இது வரவு. அறைக்குப் போயிருந்தேன் என்பதைவிட, 'இதோ படிவம், இதோ அதில் குறித்த நேரம்' என்பதுதான் படித்த திருடன் தேர்ந்தெடுக்கும் சாட்சியம்.

இரண்டாவதாக, மார்க்கோனி அறையில் இரண்டு கடிகாரங்கள் இருந்தன. டைட்டானிக்கில் உயிர் தப்பிய இயக்குநர் ஹாரால்ட் பிரைட், ஒன்று கப்பல் நேரத்தையும் மற்றொன்று நியூயார்க் நேரத்தையும் காட்டியதாகச் சாட்சியம் அளித்திருக்கிறார். நியூயார்க் நேரம் இரவில் பின்னுக்குப் போகாது; எந்த நிமிடமும் அதில் இரண்டு முறை வராது. உங்கள் புதிரின் திறவுகோல் அந்தக் கடிகாரத்தில்தான் தொங்குகிறது. சனிக்கிழமை இரவு கப்பல் நேரம் நியூயார்க்கைவிட இரண்டே முக்கால் மணி முன்னே இருக்கிறது, நள்ளிரவுக்குப் பின் அது இரண்டு மணியாகக் குறைகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் 11.40 நியூயார்க்கில் 8.55, இரண்டாவது 11.40 நியூயார்க்கில் 9.40. படிவத்தில் 9.40 என்று இருந்துவிட்டால் முதல் 11.40இல் கனவான் எங்கே இருந்தார் என்ற கேள்விக்கு விடை இல்லாமல் போகிறது.

இவ்வளவு சிறிய கழித்தலில் அதிகாரிகள் தடுமாறுவார்களா என்று யாரேனும் கேட்டால், நடந்ததையே எடுத்துக் காட்டலாம். டைட்டானிக் மூழ்கியதை ஆராய்ந்த அமெரிக்க மேலவைக் குழு, கப்பல் நேரத்துக்கும் நியூயார்க் நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டை 1 மணி 33 நிமிடம் என்ற கணக்கில் எழுதியது. பிரிட்டன் விசாரணையோ 1 மணி 50 நிமிடம் என்ற கணக்கில் எழுதியது. ஒரே ஆண்டில், ஒரே கப்பலுக்கு, உலகமே பார்த்துக்கொண்டிருந்த இரண்டு விசாரணைகள் பதினேழு நிமிடம் வேறுபட்டன என்றால், உங்கள் கதையின் பர்சர் ஒரு முறை தவறாகக் கழித்ததை எந்த வாசகரும் குறை சொல்ல முடியாது.

மூன்றாவது செய்தி சூழல் பற்றியது. 1911இல் கப்பலேறிய எவர் மனத்திலும் முந்தைய ஆண்டின் கிரிப்பன் வழக்கு பசுமையாக இருந்திருக்கும். மனைவியைக் கொன்ற குற்றத்துக்காகத் தேடப்பட்ட மருத்துவர் கிரிப்பன், சிறுவன் வேடமிட்ட தம் காதலி எதெல் லெ நீவுடன் ஆண்ட்வெர்ப்பில் மான்ட்ரோஸ் கப்பலேறினார். கேப்டன் ஹென்றி கெண்டால் ஐயம் கொண்டு 1910 ஜூலை 22ஆம் நாள் கம்பியில்லாத் தந்தியில் செய்தி அனுப்பினார். துப்பறிவாளர் வால்ட்டர் டியூ அதைவிட வேகமான லாரன்டிக்கில் ஏறி முன்னே போய், ஜூலை 31ஆம் நாள் கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில், கப்பலுக்கு வழிகாட்டும் பைலட்டின் உடையில் வந்து கைதுசெய்தார். கரையில் இருந்த செய்தித்தாள் வாசகர் அனைவருக்கும் தெரிந்த ஒன்று, அந்தக் கப்பலில் இருந்த அவர்கள் இருவருக்கும் மட்டும் தெரியவில்லை. ஆகையால் உங்கள் திருடன் மார்க்கோனி அறையைக் கண்டு அஞ்சுபவனாகத்தான் இருக்க வேண்டும். அதையே தனக்குச் சாட்சியாக நிறுத்துவது அவனுடைய ஆணவத்தைக் காட்டும்.

மார்க்கோனி இயக்குநர்கள் கப்பல் நிறுவனத்தின் ஆட்கள் அல்லர், மார்க்கோனி நிறுவனத்தின் ஊழியர்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள். பெரும்பாலும் இருபது சொச்சம் வயது இளைஞர்கள். பர்சர் அதட்டினால் பணிய வேண்டிய கட்டாயம் ஸ்டூவர்டுக்கு உண்டு. அவர்களுக்கு அந்த அளவுக்கு இல்லை.

நூலகத்து மூலை (மறுமொழி):

கடிகாரத்தை இரண்டு பெரியவர்களும் பார்த்துக்கொண்டார்கள். நான் ஆட்களைப் பற்றியும் அறைகளைப் பற்றியும் பேசுகிறேன்.

தகரக் குழாயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மோனலிசா துணியில் தீட்டப்பட்டதன்று. பாப்லர் மரப்பலகையில் தீட்டப்பட்டது. ஏறத்தாழ 77 செ.மீ. உயரமும் 53 செ.மீ. அகலமும் உள்ள பலகையை எந்தக் குழாய்க்குள்ளும் சுருட்டி வைக்க முடியாது. பனைநிழல் அவர்கள் இதை அறிந்தே எழுதினாரா, அறியாமல் எழுதினாரா என்று தெரியவில்லை. எப்படியிருந்தாலும் இது தானாக வந்து விழுந்த பரிசு. குழாயைச் சுட்டிக்காட்டி ஊரைக் கூட்டும் 'ஓவியப் பிரியராக' உங்கள் கனவானே இருக்கட்டும். ஓவியங்களில் ஊறியவர் என்று தம்மைச் சொல்லிக்கொள்பவருக்கு இது தெரியவில்லையே என்று வேறு யாரோ போகிறபோக்கில் நினைக்கட்டும். போலிக் கனவானின் முகமூடி முத்துமாலையால் கிழிவதற்கு முன்பே ஓவியத்தால் நெகிழத் தொடங்கிவிடும். உண்மையான மோனலிசா அப்போது பாரிஸை விட்டே நகரவில்லை. வின்சென்சோ பெருஜியா தம் வாடகை அறையில் இரண்டாண்டுக்கு மேல் மறைத்து வைத்திருந்து, 1913 டிசம்பரில் ஃபிளாரன்ஸ் நகரில் அகப்பட்டார்.

அப்படியென்றால் இளைஞனின் குழாயில் என்னதான் இருக்கிறது? 1909ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம் இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஓவியங்களுக்கு வரி விலக்கு அளித்தது, புதியவற்றுக்கு அளிக்கவில்லை. நேற்று வரைந்த படத்தை முந்தைய தலைமுறையின் படம் என்று சொல்லி வரி கட்டாமல் இறக்க நினைக்கும் ஏழை ஓவியன் பயந்து பயந்து நடப்பான். அவனுடைய குற்றமும் உங்கள் வகைக் கதைக்குத் தகுந்த சிறிய குற்றம். ஓவியங்கள் இப்படிப் பயணம் செய்தது கற்பனையும் அன்று. அடுத்த ஆண்டு டைட்டானிக்கோடு மூழ்கிய, பிரெஞ்சு ஓவியர் பிளோண்டலின் ஓவியம் ஒன்றுக்கு அதன் உரிமையாளர் கேட்ட இழப்பீடு 1,00,000 டாலர். தனிப்பொருள் ஒன்றுக்காகக் கேட்கப்பட்டவற்றில் அதுவே மிகப் பெரியது.

அடுத்தது பயணிகள் பட்டியல். முதல் வகுப்பினருக்கு அழகாக அச்சிட்ட பெயர்ப் பட்டியல் கொடுப்பார்கள். அதில் செல்வர்களின் பெயருக்குப் பின்னால் 'மற்றும் பணிப்பெண்', 'மற்றும் பணியாள்' என்று மட்டும் இருக்கும். அவர்களுக்குப் பெயர் இராது. ஒரு துப்பறியும் கதை எழுதுபவருக்கு இதைவிடப் பெரிய கொடை வேண்டுமா? கப்பலில் உள்ள அனைவரையும் பட்டியலை வைத்துச் சரிபார்த்துவிட்டதாகப் பர்சர் பெருமிதம் கொள்ளும் வேளையில், பெயரே இல்லாத ஒருவர் நடைக்கூடத்தைக் கடந்து போயிருப்பார். படிவத்தை எழுதியவர் கனவான், தகவல் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவருடைய பணியாள் என்று வைத்தால், தந்திமரம் ஐயா சொன்ன காற்றழுத்தக் குழாய் ஏற்பாடு முழுவதும் பயன்படும். ஆளைப் பார்த்தது யார் என்று எழுத்தரைக் கேட்டால், 'இன்ன கனவானின் தந்தி வந்தது' என்றுதான் அவர் பதில் சொல்வார். கொண்டுவந்த கையை அவர் பார்த்திருக்க மாட்டார். அதே பட்டியலில், தொழில்முறைச் சூதாடிகள் சிலர் அட்லாண்டிக் கப்பல்களில் போய்வந்துகொண்டிருப்பதாகவும் பயணிகள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றும் நிறுவனமே அச்சிட்டிருந்தது. பொய்ப்பெயரில் பயணம் செய்வது அன்று அவ்வளவு எளிதாக இருந்தது.

வகுப்புகளைக் கடப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாடிப்படி, உணவுக்கூடம், உலாவும் தளம் எல்லாமே வகுப்புக்கு வகுப்பு வேறு; முதல் வகுப்புக்கு மூன்று மின்தூக்கிகள், இரண்டாம் வகுப்புக்கு ஒன்று. மூன்றாம் வகுப்பைப் பிரித்து வைத்ததற்கு அமெரிக்கக் குடியேற்றச் சட்டமும் ஒரு காரணம். நியூயார்க் சேர்ந்ததும் முதல் இரண்டு வகுப்பினரைக் கப்பலிலேயே பார்த்து அனுப்பிவிட்டு, மூன்றாம் வகுப்பினரைப் படகில், குடியேறுவோரைச் சோதிக்கும் எல்லிஸ் தீவுக்குக் கொண்டுபோவார்கள். ஆனால் இத்தனை சுவர்களுக்கும் கீழே, 'E' எனப்பட்ட தளத்தில், கப்பலின் ஏறத்தாழ முழு நீளத்துக்கும் ஓடிய பணியாளர் வழி ஒன்று இருந்தது. லிவர்பூலின் உழைப்பாளர் தெரு ஒன்றின் பெயரால் அதை 'ஸ்காட்லாந்து ரோடு' என்று அழைத்தார்கள். வழக்கமாக அங்கே நடமாடாத ஒருவர் அங்கே காணப்பட்டால் எல்லாருக்கும் நினைவிருக்கும். பணியாளின் கறுப்பு உடையில் நடந்தால் ஒருவருக்கும் நினைவிருக்காது.

உங்கள் நாயகியைப் பற்றி: 1911இல் ஒலிம்பிக்கில் ஸ்டூவர்டஸாகப் பணிபுரிந்த வயலட் ஜெசப்பின் வாழ்க்கை பொதுவெளியில் நன்கு பதிவாகியிருக்கிறது. அந்த செப்டம்பர் 20ஆம் நாள் ஒலிம்பிக்கின் ஐந்தாம் பயணத் தொடக்கத்தில் ஹாக் என்னும் போர்க்கப்பல் மோதியபோதும், மறுஆண்டு டைட்டானிக்கிலும், போர்க்காலத்தில் செவிலியாகப் பிரிட்டானிக்கிலும் இருந்து மூன்றிலும் உயிர் தப்பியவர். அவரையே கதாபாத்திரமாக்க வேண்டாம். ஆனால் ஸ்டூவர்டஸின் நாள் எப்படிப்பட்டது என்பதை அவர் வாழ்க்கையிலிருந்து அறிந்துகொள்ளலாம். பெண்களின் அறைக்குள் எந்நேரமும் நுழையக்கூடிய, ஆனால் பொதுக்கூடத்தில் உட்கார முடியாத நிலை அது. துப்பறிபவருக்கு அதைவிடப் பொருத்தமான வேலை கப்பலில் இல்லை.

ஒரே ஒரு மனக்குறை. ஒலிம்பிக் என்ற பெயரையே வைத்தால், 1911இல் அதன் கேப்டன் எட்வர்ட் ஸ்மித். அவர் வாயில் ஒரு வசனம் வந்த நொடியே நீங்கள் தவிர்க்க நினைத்த பனிப்பாறை கதைக்குள் வந்துவிடும். கற்பனைப் பெயர் சூட்டிய கப்பலாக்கிவிடுங்கள் என்பேன்.

பழைய மாலுமி (மறுமொழி):

நூலகத்து மூலை அவர்களின் கடைசி யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. கற்பனைக் கப்பல் என்றால் 48 கடிகாரங்களும் ஸ்காட்லாந்து ரோடும் யாருடைய சொத்து? உண்மையான கப்பலின் உண்மையான அறைகளில்தான் இந்தக் கணக்குக்கு எடை இருக்கிறது. கேப்டனை மேடைக்குக் கொண்டுவராமலே எழுதலாம். திருட்டு போன்றவற்றைப் பர்சரும், கப்பலின் காவலரான மாஸ்டர்-அட்-ஆர்ம்ஸும்தான் முதலில் பார்ப்பார்கள். கேப்டன் மேல்தளத்தில் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிரிட்டன் கொடி பறக்கும் கப்பல் ஆழ்கடலில் பிரிட்டன் சட்டத்துக்கு உட்பட்டது என்பதால், முடிவில் அதிகாரப்பூர்வ நாட்குறிப்பில் அவர் பெயரால் ஒரு வரி எழுதப்பட்டால் போதும்.

பனைநிழல் (மறுமொழி):

மூவருக்கும் என் நன்றி. மரப்பலகை செய்தி எனக்குத் தெரியாது. தெரிந்தே எழுதியதாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் இங்கே பொய் நிற்காது போலிருக்கிறது.

சாட்சியை மாற்றிவிட்டேன். ஸ்டூவர்டுக்குப் பதிலாகச் செர்பூரில் ஏறிய பிரெஞ்சுக் கிழவி ஒருவர். பிரான்சு அதுவரை பாரிஸ் நேரத்தையே சட்டப்படி வைத்திருந்து, 1911 மார்ச்சில்தான் அதை 9 நிமிடம் 21 நொடி பின்னுக்குத் தள்ளி இங்கிலாந்தின் கிரீனிச் நேரத்தோடு ஒத்துப்போனது என்று வேறொரு தேவைக்காகப் படித்தது நினைவுக்கு வந்தது. இங்கிலாந்துக்காரனின் நேரத்தை ஏற்கமாட்டேன் என்று தம் பைக்கடிகாரத்தைப் பழைய பாரிஸ் நேரத்திலேயே ஓடவிடும் மூதாட்டி அவர். ஆகவே கப்பல் கடிகாரத்தையும் அவர் மதிப்பதில்லை. உறக்கம் வராமல் நடைக்கூடத்தில் உலாவிய அவர், கனவானைப் பார்த்த நேரத்தைத் தம் கடிகாரப்படி சொல்கிறார்: இரண்டு மணி நான்கு நிமிடம். எல்லாரும் கிழவிக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று புன்னகைத்துக் கடந்துபோகிறார்கள், ஏனென்றால் கப்பலில் இரண்டு மணிக்கு யாரும் வெளியே இல்லை. கிரீனிச்சுக்கு மாற்றினால் 1.55, நியூயார்க்குக்கு 8.55, கப்பலுக்கு முதல் 11.40. என் ஸ்டூவர்டஸ் மட்டும், அவருக்குக் காலைத் தேநீர் கொண்டுபோகும்போது, அந்தக் கடிகாரம் தினமும் ஒரே அளவு 'தவறாக' இல்லாமல், நாளுக்கு முக்கால் மணி கூடிக்கொண்டே போவதைக் கவனிக்கிறாள்.

படிவத்தில் 9.40. கொண்டுபோய்க் கொடுத்தது பெயரில்லாத பணியாள். கப்பலும் ஒலிம்பிக்காகவே இருக்கும், கேப்டன் வரமாட்டார். நூலகத்து மூலை அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தந்திமரம் (மறுமொழி):

கிழவி அருமை. எனக்கு எஞ்சியிருக்கும் ஒரே உறுத்தல் அந்த 11.40தான். டைட்டானிக் பனிப்பாறையில் மோதிய நேரமும் இரவு 11.40 என்றே உலகம் அறிந்திருக்கிறது. கேப்டனைக்கூட ஒளித்து வைத்துவிட்டு இந்த எண்ணை வாசலில் எழுதி வைப்பானேன்?

பனைநிழல் (மறுமொழி):

அந்த எண்ணை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று இப்போதுதான் எனக்கே விளங்குகிறது. 11.25 ஆக்கிவிடுகிறேன்.

பழைய மாலுமி (மறுமொழி):

அப்படியானால் நியூயார்க் 8.40, 9.25, பாரிஸ் மூதாட்டியின் கடிகாரத்தில் 1.49, 2.34. முதல் 11.25க்கு ஓய்வுக்கூடத்தில் இன்னும் விளக்கு எரியும் என்பதால், நடைக்கூடத்தில் வேறு யாரும் இல்லாததற்கு மட்டும் ஒரு காரணம் யோசித்துக்கொள்ளுங்கள். அன்று மாலை கடல் சற்றுக் கொந்தளித்தது என்று எழுதினால் போதும். பாதிப் பேர் ஒன்பது மணிக்கே படுத்திருப்பார்கள்.